கட்டில் அளவு

ஆடிக் காற்று கிளம்புவதற்குள் பலகை வேலையை முடித்துவிட வேண்டும் என்று ரிஃபானா நினைத்திருந்தாள். காற்று கிளம்பிவிட்டால் வரகனேரியில் ஒரு வேலையும் நடக்காது, மரத்தூள் அத்தனையும் கண்ணுக்குள்தான் வந்து விழும். மாமனார் பஷீர் அகமதுவின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கிட்டங்கி ஒன்று இருந்தது. பெயிண்ட் டப்பாக்களையும் குழாய்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அங்கேதான் காரை நிறுத்தியிருந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் வாங்கிய பழைய கார் அது. சித்திரை வீதியில் இருந்த வைஜயந்தி டீச்சர், மகள் வெளிநாட்டோடு போய்விட்டாள், ஓட்ட ஆளில்லை என்று விற்றார். "எங்காத்துக்காரர் இருந்தவரைக்கும் திவ்யதேச யாத்திரையெல்லாம் இதுலதான். நீ எங்கெங்க போணும்னு ஆசைப்படறியோ அங்கெல்லாம் பெருமாள் உன்னைக் கொண்டு சேர்க்கட்டும்" என்று சாவியைக் கையில் வைத்தார். சின்னக் கார் என்று சொல்ல முடியாது, ஜீப் அளவுக்குப் பெரியதும் இல்லை. க்ராஸ்ஓவர் என்று பெயராம். ஷார்ஜாவிலிருந்து நஸ்ருல்லாதான் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்.

அவன் அங்கே ஏசிக்குத் தகரக் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ரிஃபானா வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. கே.கே. நகர் டாக்டரம்மா இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல ரெண்டு பேரும் ஒரே ஊர்ல கொஞ்ச நாள் இருங்க" என்று சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கார் யோசனையே வந்தது. லீவில் வந்தால் வீடு முழுக்க ஆட்கள். சொந்தக்காரர்கள் போன பிறகு சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் அடுத்த சொந்தக்காரர்கள். கூடத்துக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே ஒரு மரத் தடுப்பு மட்டும். மாமியார் ஹாஜிரா இருமினால் கட்டிலில் கேட்கும். இந்த லீவில் யார் வீட்டுக்கும் போவதில்லை, லாட்ஜும் கிடையாது, பச்சைமலை, கொல்லிமலை என்று சுற்றிக்கொண்டு காரிலேயே படுத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் போனிலேயே முடிவு செய்தார்கள்.

ரெடிமேடாக விற்கிற சாமான்களின் விலையைக் கேட்டதும் நஸ்ருல்லா சிரித்தான். "நம்மளே செஞ்சுக்கலாம் ரிஃபா. நான் சொல்றேன், நீ செய்" என்றான். அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும்.

"நல்லா கேட்டுக்க. பின்சீட்டை மடக்கிட்டா நீளம் ஆறடி கெடைக்கும். பலகை அகலம் ரெண்டரை போதும். அதுக்கு மேல போனா சாமான் வைக்க எடம் பத்தாது. பலகைக்கு அடியில ரெண்டு ட்ராயர், ஒண்ணுக்குப் பூட்டு வேணும். தலைமாட்டுல துணியில ஒரு பை தைச்சு மாட்டு, போன், மாத்திரை, கண்ணாடி வைக்க. கால்மாட்டுல கொக்கி. சுத்தி ஒரு கயிறு கட்டித் திரை போட்டுரு. கைக்கு எட்டுற மாதிரி கிளிப் ஃபேன் ஒண்ணு."

"ரெண்டரை அடியில ரெண்டு பேரு எப்படிங்க படுக்கறது?"

அடுத்த மெசேஜில் முதலில் பஸ் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "அட ஆமால்ல. ரெண்டு பேருல்ல?" என்று சிரித்தான். "சரி, பக்கத்துல மடக்குப் பலகை ஒண்ணு போட்டுரு. படுக்கறப்ப விரிச்சுக்கலாம்."

மாமனார் கடையிலிருந்தே கீல், ட்ராயர் சேனல், திருகாணி எல்லாம் வந்தது. ஜிக்சா மெஷினை வாடகைக்கு எடுத்து, யூடியூப் பார்த்து, ப்ளைவுட்டைத் தானே அறுத்தாள். முதல் பலகை கோணலாகப் போனது. இரண்டாவது சரியாக வந்தது. கேன்வாஸ் துணியில் பைகளைத் தையல் மெஷினில் அடித்தாள். திரைக்கு, மீந்துபோன நீல யூனிஃபார்ம் துணி. பஷீர் அகமது கடையில் ஆள் இல்லாத நேரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு தடவை மட்டும், "காத்துக்கு வழி விட்டியாம்மா?" என்று கேட்டார்.

"ஃபேன் இருக்கு மாமா."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டியின் அடிப்பக்க வேலைக்குத் திருவெறும்பூர் போனாள். தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி பிலோமின்ராஜின் வெல்டிங் பட்டறை. கரடுமுரடான பாதையில் கல் அடிக்காமல் இருக்க எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு, வண்டியைக் கொஞ்சம் உயர்த்த ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர், கூரையில் குழாய் கேரியர், மணலிலும் பிடிக்கிற தடித்த டயர்.

"ரொம்பத் தூக்க வேணாம் தங்கச்சி. ஒரு இன்ச்சு போதும். மேல போனா மலை வளைவுல சாயும்" என்றார் பிலோமின்ராஜ். டிக்கிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ட்ராயரை இழுத்துவிட்டார், கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "யாரு யோசனை இது?"

"எங்க வீட்டுக்காரரு போன்ல சொன்னாருண்ணே."

"கப்பல்ல வேலை பாத்தவராட்டம் யோசிச்சிருக்காரு. கை நீட்டுன எடத்துல எல்லாம் இருக்கு. நல்ல மூளை."

அன்று வீடு வரும்வரை ரிஃபானாவுக்குப் பெருமையாக இருந்தது.

நஸ்ருல்லா வந்து இறங்கியபோது ஆடிக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. இளைத்திருந்தான். கிட்டங்கிக்குப் போய் வெளியே நின்றே காரைச் சுற்றி வந்து, "மாஷா அல்லா, நீயா செஞ்ச இதெல்லாம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விரலில் ஜிக்சா கீறிய தழும்பைத் தடவினான். ஆனால் உள்ளே ஏறிப் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். பயணக் களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரவில் கட்டிலில் படுக்காமல் மொட்டைமாடிக்குப் பாயை எடுத்துப் போனான். புழுக்கம் என்றான். வெளியே காற்று மரத்தை ஒடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

மலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவள்தான் கட்டாயப்படுத்தினாள். மாமி நெய்ச்சோறும் தால்ச்சாவும் கட்டிக் கொடுத்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைக் கடந்து கொள்ளிடக் கரைக்கு வந்தார்கள். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. கொள்ளிடத்தில் ஓரமாக ஒரு நீரோட்டம் மட்டும், மீதி எல்லாம் மணல். மாடு இறங்கும் தடத்தில் அவள் காரை இறக்கினாள்.

"மணல்ல சிக்கிரும் ரிஃபா."

"சும்மா இருங்க. எனக்குத் தெரியும்."

இறங்கி டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வந்து ஏறினாள். கார் ஒரு தடவை முனகியது, பின்பக்கம் அலைந்தது, பிறகு மணல்மேட்டில் மெதுவாக ஏறி உச்சியில் நின்றது. நஸ்ருல்லா குழந்தை மாதிரி கை தட்டினான். "அடிப்பாவி! எங்க கம்பெனி டிரைவரு தோத்தான் போ!" அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள். பச்சைமலை ஏறிவிட்ட மாதிரியே இருந்தது அவளுக்கு.

காற்று மணலை வாரி இறைத்தது. சோற்றில் மண் விழுந்ததால் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டார்கள். "ஒரு தூக்கம் போடுங்க, நான் பாத்திரத்தை அலசிட்டு வந்துடறேன்" என்று அவனைப் பின்னால் படுக்கச் சொன்னாள். அவன் தயங்கினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிப் படுத்தான். மணல் உள்ளே வராமல் இருக்க டிக்கிக் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, திரையை இழுத்துவிட்டாள்.

நீரோட்டத்தில் பாத்திரத்தை அலசிக்கொண்டிருந்தபோது முதலில் காற்றின் சத்தம் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் கார் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து இடிக்கிற சத்தம். பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பக்கக் கதவின் கைப்பிடியைப் பலகை மறைத்திருந்தது. அவன் அதைத் தேடிக் கதவைக் குத்திக்கொண்டிருந்தான். டிக்கிக் கதவைத் தூக்கியதும் திரையோடு சேர்ந்து வெளியே வந்து மணலில் விழுந்தான். சட்டை நனைந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தான். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது.

"என்னங்க? என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் அவள் மடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்தான்.

"நீ ஒண்ணும் தப்பா செய்யல ரிஃபா. அளவெல்லாம் நான் சொன்னதுதான். எனக்குத் தெரிஞ்ச கட்டில் அது ஒண்ணுதானே."

அவளுக்குப் புரியவில்லை.

"அங்க நான் படுக்கறது இதான். ஆறடிக்கு ரெண்டரை. மேல ஒருத்தன், கீழ நான். திரையை இழுத்துக்கிட்டா அதான் வீடு. தலைமாட்டுல பை, கால்மாட்டுல கொக்கி, பூட்டு போட்ட டப்பா. உனக்கு ஒவ்வொண்ணா சொல்றப்ப நல்லா யோசிச்சு சொல்றோம்னுதான் நெனச்சேன். உள்ள படுத்ததும்தான் தெரிஞ்சுது."

"ஒரு ரூமுக்கு நாலு பேருன்னீங்களே?"

"பன்னெண்டு."

"ஏசி ரூமுன்னீங்க."

"ஏசி இருக்கு. ஏசி இருக்கறதாலதான் ஜன்னல் வெக்கல."

அவன் வீடியோ காலில் பேசும் இடங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. கடை வாசல், மொட்டைமாடி, பஸ் ஸ்டாப். ரூமில் சிக்னல் கிடைக்காது என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

"இத்தன வருஷமா படுத்திருக்கீங்க. இன்னிக்கு மட்டும் ஏன் இப்படி?"

நஸ்ருல்லா மணலை அள்ளி விரல்வழியே விட்டுக்கொண்டிருந்தான்.

"மேல் கட்டில்ல ஒரு தம்பி இருந்தான். பிரவீன்ராஜ்னு பேரு. நம்ம வையம்பட்டிதான். ரெண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட். விடிஞ்சு வந்து படுத்தோம். திரை இழுத்திருந்தா யாரும் தொறந்து பாக்க மாட்டோம், அது ஒரு மரியாதை. அவன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நிக்கும், மறுபடி அடிக்கும். அசந்து தூங்கறான்னு நெனச்சேன். சார்ஜ் தீர்ற வரைக்கும் அடிச்சுது. சாயங்காலம் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சேன்னு திரைய வெலக்கிப் பாத்தேன். சில்லுன்னு இருந்தான். படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டான்னாங்க. பகல் முழுக்க அவன் மேல கெடந்தான், நான் கீழ கெடந்தேன்."

காற்று அவன் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. ரிஃபானா அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் அழுதாள். அவன் அழவில்லை.

"போகாதீங்க. திரும்பிப் போகவே வேணாம்."

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"எப்போ? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?"

"சொன்னா நீ விடமாட்ட. இங்க வந்து என்ன பண்ணுவேன் ரிஃபா? அத்தா கடையில ஆணி எடை போடறதுக்கு அத்தாவே அதிகம்."

மறுநாள் காலையில் அவள் கிட்டங்கியில் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பஷீர் அகமது வந்து எதிரே உட்கார்ந்து, கழன்ற ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டார். மகன் சொல்லியிருப்பான் போல.

"மாமா, நீங்களும் மஸ்கட்ல இருந்தீங்கல்ல. நீங்க எப்படிப் படுத்தீங்க?"

அவர் ஒரு ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்குக் கட்டிலே கெடையாதும்மா."

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா அவ சோறு எறங்காமக் கெடப்பா. அப்புறம் நான் எப்படித் திரும்பப் போறது?"

"அவரு கிளம்பறப்ப அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா போயிருக்க மாட்டானா? போயிருப்பான். பயந்துக்கிட்டுப் போயிருப்பான்." டப்பாவை மூடினார். "அந்தப் பலகைய அறுக்காத. அப்படியே கெடக்கட்டும். வேற எதுக்காச்சும் ஆகும்."

உள்ளே அடுப்படியில் ஹாஜிரா மகனுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ரிஃபானா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலைக்குப் போகும் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. லீவு கரைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை நஸ்ருல்லா தானாகவே, "வையம்பட்டி வரைக்கும் போயிட்டு வரலாமா? அவங்க அம்மாவப் பாக்கணும்னு வந்ததுலேருந்து நெனைக்கிறேன். தனியாப் போக முடியல" என்றான்.

பலகை இல்லாத காரில் போனார்கள். ட்ராயர் பெட்டி மட்டும் பின்னால் இருந்தது. ஒன்றில் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும், இன்னொன்றில் ரிஃபானா எடுத்து வைத்த சேலை. திண்டுக்கல் ரோட்டில் மணப்பாறை தாண்டியதும் வானம் வெறுமையாகக் கிடந்தது. கடலை போட்ட காடுகள் மழைக்குக் காத்திருந்தன. வையம்பட்டிக்குள் நுழைந்து விசாரித்து, கிழக்கே ஒரு வண்டிப்பாதையில் திரும்பினார்கள். ஓடை குறுக்கே போகும் பாதை. கல்லும் பள்ளமுமாக இருந்தது. அடித் தகட்டில் ஒரு கல் உரசியது. அவ்வளவுதான், கார் சிரமப்படாமல் ஏறியது. பச்சைமலைக்கென்று செய்த வேலையெல்லாம் அந்த ஓடையைத் தாண்டத்தான் பயன்பட்டது.

பிரவீன்ராஜின் அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து நஸ்ருல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நஸ்ரு அண்ணே, நஸ்ரு அண்ணேன்னு சொல்லுவானே, அது நீங்கதானா சாமி? வாங்க, உள்ள வாங்க. வாம்மா."

புது வீடு. பூச்சு வேலை பாதியில் நின்றிருந்தது. சுவரில் பையனின் படம், மேலே மாதா. விடாமல் சாப்பிடச் சொன்னார். அடுப்படியிலிருந்து, "கோழி இருக்கு, ஆனா நீங்க உங்க ஆளுங்க அறுத்ததுதான் சாப்பிடுவீங்கன்னு அவன் சொல்லியிருக்கான். அதான் முட்ட போட்டுக் கொழம்பு வெக்கிறேன். பொறுத்துக்கங்க" என்றார். முருங்கைக்கீரையும் முட்டைக் குழம்பும் வைத்துப் பரிமாறினார். நஸ்ருல்லா தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னாங்க. நெசந்தானா சாமி? செரமப்படலயே?"

"இல்லம்மா. படுத்தான், தூங்கிட்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா? அது போதும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்கு நான் எத்தன தடவ போன் போட்டேன் தெரியுமா? காலையில என்னமோ மனசு கேக்கல. போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கல. அடிச்சுது, ஆனா எடுக்கல."

ரிஃபானா கணவனைப் பார்த்தாள்.

"சத்தத்தை அமத்தி வெச்சிருந்தான்ம்மா" என்றான் நஸ்ருல்லா. "எங்க யாருக்கும் கேக்கல. கேட்டிருந்தா எடுத்திருப்போம்ல?"

"ஆமா, எடுத்திருப்பீங்க. நல்ல புள்ளைங்க நீங்கள்லாம்." கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார். "அங்க நல்ல ரூமுதானே? ஏசி, மெத்தை எல்லாம் இருக்கு, இங்க வந்தாத்தான் புழுங்குதுன்னு சொல்லுவான்."

"நல்ல ரூமும்மா. பெரிய ரூமு. ஒரு குறையும் இல்ல."

ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னான். அந்தக் குரலை ரிஃபானாவுக்குத் தெரியும். சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன், ஒரு கவலையும் இல்லை என்று இத்தனை வருஷமாக அவளிடம் பேசிய அதே குரல்.

அந்த அம்மாவுக்கு இன்னும் எதையோ கேட்க வேண்டியிருந்தது. நஸ்ருல்லாவை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார். ஆம்பிளைகள் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. "நீ பாத்திருக்கியாம்மா? போன்ல காட்டியிருப்பாருல்ல? எம் புள்ள எனக்குக் காட்டவே இல்ல. கேட்டா அப்புறம் அப்புறம்பான்."

நஸ்ருல்லாவின் கை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ரிஃபானா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்திருக்கேம்மா" என்றாள். "தெனமும் காட்டுவாரு. உங்க மகன் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஜன்னல் இருக்கு. நல்லா காத்து வரும்."

"காத்து வருமா?"

"வரும்மா. ஜன்னலத் தொறந்தா மரமெல்லாம் தெரியும்."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகன் அந்த ஜன்னலோரம் படுத்திருப்பதைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு ரிஃபானாவின் கன்னத்தைத் தடவி, நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கி, ஞாபகம் வந்து நிறுத்தி, வெறுமனே தலையில் கை வைத்தார்.

திரும்பும்போதும் ரிஃபானாதான் ஓட்டினாள். மணப்பாறைக்கு இந்தப் பக்கம் வந்ததும் நஸ்ருல்லா ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான்.

"மரம்னு ஏன் சொன்ன?"

"தெரியல. வாயில வந்துச்சு."

"அங்க ஒரு மரம் கெடையாது ரிஃபா."

"தெரியும்."

அவன் சீட்டில் சாய்ந்துகொண்டான். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் வாய் லேசாகத் திறந்தது, தலை கதவுப் பக்கம் சரிந்தது. வந்த நாளிலிருந்து அவன் இப்படித் தூங்கி அவள் பார்க்கவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. அவன் அசையவில்லை. வேகத்தைக் குறைத்து, பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு ஃபிளைட்.

ஊருக்குள் போக வேண்டிய இடம் வந்தது. வீட்டில் மாமி சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருப்பார். கார் நின்றால் இவன் விழித்துக்கொள்வான். ரிஃபானா திரும்பவில்லை. சுற்றுச்சாலையைப் பிடித்து, வெயில் சாய்ந்துகொண்டிருந்த பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.